மறுக்கவில்லை என்றால்

என்னங்க,

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையை எழுதிவிட்டேன். கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் அப்படியே வராது. அதே அர்த்தமுள்ள வேறு வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன மாதம் பயிற்சி வகுப்பில், “மறுக்கவில்லை” என்பதும் “சம்மதித்தார்” என்பதும் ஒன்றுதான் என்று எழுதினேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

“மறுக்கலன்னா சம்மதம்னு யாரும்மா சொன்னது?”

அன்றிலிருந்து உங்கள் பேச்சைத்தான் ஆராய்கிறேன். “உன் இஷ்டம்”, “பாத்துக்கலாம்”, “போறதுன்னா போ”. மூன்றுக்கும் ஒரே அர்த்தமா?

இன்று காலை பையைத் திறந்தால், உங்கள் தச்சுப் பட்டறைப் பென்சில்கள் இரண்டு இருந்தன. உளியால் சீவி, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். அவற்றால்தான் எழுதினேன். ஆனாலும் நானாக அர்த்தம் எடுத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

முடிவு வரப் பத்து நாளாகும். அதற்குள் வாய் திறந்து சொல்லுங்கள், நான் போகட்டுமா?

உங்கள்
வாயாடி