தொட்டிக்குள் போவது முழுப் பழம் இல்லை, கோகிலா

என் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரே, என் கோகிலா,

இந்த வருஷமும் தோதாபுரி மாம்பழ சீசன் வந்துவிட்டது. சித்தூர் ரோட்டில் மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஜூஸ் பேக்டரியில் எனக்கு அதே மேசை, அதே இடம். போன சீசனில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து என்னைத் துளைத்தெடுத்தாய். ஆடி முடிவதற்குள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இந்த மாதம் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், பால் பொங்கி வழிந்திருக்கிறது. துக்கம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துக்கம் மட்டும் இல்லை. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏழாவது படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள்.

திருப்பதியில் நீ என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒருநாள் மடிக்காத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். எது எதில் சேரும், எது எதிலிருந்து வரும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக் கொடுத்தால், நாம் எழுதாததையும் அதிலிருந்து கம்ப்யூட்டர் எடுத்துச் சொல்லுமாம். அந்த வாக்கியக் கட்டுக்கு ஆன்டாலஜி என்று பெயராம். கட்டு பெரிதாகிவிட்டால் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியைத் தொட்டால் இன்னொரு பகுதியில் எது அசையும், எது அசையாது என்று தெரிய வேண்டும். அதுதான் உன் ஆராய்ச்சி.

சோதித்துப் பார்க்க எங்கள் பேக்டரியை எடுத்துக்கொண்டாய். பழம் பொறுக்கும் மேசை ஒரு பகுதி. அதற்கு வாக்கியம் கொடுத்தவள் நான். கழுவும் தொட்டியிலிருந்து டப்பா வரைக்கும் இன்னொரு பகுதி. அதைப் புத்தகங்களைப் பார்த்துச் சேர்த்தவள் உன்னோடு படிக்கும் தெலுங்குப் பெண் சுனீதா.

"மேசையில இருக்கிறவ பேசற வார்த்தையெல்லாம் தொட்டியில இருக்கிறவளுக்குத் தெரியாது, அண்ணி. ரெண்டு பேருக்கும் பொதுவா மூணு வார்த்தை இருந்தா அதிகம். இந்தப் பக்கம் சொன்னதால அந்தப் பக்கம் ஏதாவது உறுதியாவுதுன்னா, நடுவுல பொது வார்த்தைய மட்டும் வச்சி ஒரு வாக்கியம் நிக்கும். அது வழியாத்தான் எதுவும் போவும்."

"உனுக்கும் எனுக்கும் பொதுவா இன்னா வார்த்தைடி கீது?" என்றேன்.

"இன்னா கொழம்பு? அது ஒண்ணுதான்" என்றாய். அப்படிச் சிரித்தோம், உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதே நாள்தான் நீ என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "ஐய, இன்னா அண்ணி, கையெல்லாம் அழுகின வாடை" என்று மூக்கைப் பொத்தினாய். விளையாட்டுக்குத்தான். ஆனால் அடுத்த கேள்வி என்ன கேட்டாய் தெரியுமா? காம்புப் பக்கம் அழுகிய பழத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டாய்.

"முழுசா ஒதுக்கிப் போட்டுடுவோம்" என்றேன்.

இல்லை கோகிலா. அழுகலை மட்டும் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டிக்குள் தள்ளுவோம். நாள் முழுக்க அதுதான் என் வேலை. அந்த வாடை அதனால்தான். படிக்கிற பெண் முன்னால் என் வேலை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. ஒரு வாக்கியம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே ஓடி வந்தாய். "தொட்டிக்குள் போவது எல்லாம் முழுப் பழம். இத நீயும் சொல்லல, நானும் எழுதல. அதுவா வந்துச்சு அண்ணி!" எப்படி வந்தது என்று விரல் விட்டுச் சொன்னாய். கத்தி படாதது முழுப் பழம். கத்தி படுவது காம்பு அழுகியதில் மட்டும். காம்பு அழுகியது எல்லாம் ஒதுக்கியது. ஒதுக்கியது தொட்டிக்குப் போகாது. காம்பும் கத்தியும் சுனீதாவின் பகுதியில் கிடையவே கிடையாது. தொட்டியும் முழுப் பழமும் இரண்டிலும் உண்டு. நீ தேடிக்கொண்டிருந்த நடுவாக்கியம் அதுதான். முழுப் பழம் மட்டுமென்றால் கழுவ ஒரு தண்ணீர் போதும் என்று சுனீதா எழுதியிருந்தாளாம்; அது அந்தப் பக்கம் போய், இந்தத் தொட்டிக்கு ஒரு தண்ணீர் போதும் என்று இன்னொன்றையும் சொல்ல வைத்ததாம்.

நீ குதித்தாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தலையாட்டினேன். தொட்டியில் இரண்டு தண்ணீர் மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

இந்த மாதம் சுனீதா காகிதக் கட்டோடு சித்தூர் வந்தாள். கட்டுரையை அனுப்பப் போகிறார்களாம். "கோகிலா பேருதான் மொதல்ல வதினா" என்றாள். தெலுங்கில் அண்ணியை அப்படித்தானே கூப்பிடுவார்கள். என் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்; நான் "ம்" சொல்லிக்கொண்டே வந்தேன். காம்பு அழுகல் வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏமி வதினா, சரிதானா?"

"ஆமா" என்றேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு தடவை, நீ செத்தபிறகு ஒரு தடவை.

அவள் போனபிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. யாராவது அதைப் படித்துவிட்டு ஒரு தண்ணீரோடு நிறுத்தினால்? அதன் தலையில் உன் பேர் இருக்குமே. உண்மையைச் சொல்லிவிட்டால்? நீ ராப்பகலாகச் செய்தது எல்லாம் சரிந்துவிட்டால்? மேசையில் பச்சைக் காயை எல்லாம் தொட்டிக்குள் விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். உன் அண்ணன், "இன்னாடி, ஊடு பூரா நடந்துக்கினே கீற? உக்காருடி" என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி பஸ் ஏறிவிட்டேன். சுனீதாவின் அறைக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அது பொய்ம்மா, நான் சொன்னது பொய்" என்றேன். முழுவதும் கேட்டாள். அலமாரியிலிருந்து காகிதக் கட்டை எடுத்தாள்.

"எதுவரைக்கும் போயிருக்குன்னு பாக்கலாம்" என்றாள்.

தரையில் இரண்டு பகுதியின் தாள்களையும் எதிர் எதிரே பரப்பினாள். இரண்டிலும் உள்ள வார்த்தைக்கு அடியில் என்னையே கோடு போடச் சொன்னாள். தொட்டி, பழுத்தது, முழுப் பழம். மூன்றுதான். "உங்க பொய் இந்தப் பக்கம் வரணும்னா இந்த மூணு வார்த்தையிலதான் வரணும், வதினா. வேற வாசல் இல்ல."

பழுக்காதது தொட்டிக்குப் போகாது என்று ஒரு வாக்கியம் அந்தப் பக்கம் தாண்டியிருந்தது. "இதுக்குக் காம்பு வேணுமா?" என்றாள். வேண்டாம், அது என் பொய் இல்லாமலே நிற்கும். முழுப் பழம்தான் பொய்யின் தோளில் ஏறி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றது ஒன்றே ஒன்று: ஒரு தண்ணீர் போதும் என்பது. காய்ச்சுவது, வடிகட்டுவது, டப்பாவில் அடைப்பது, ஒன்றும் அசையவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் சலிக்காமல் ஒவ்வொரு தாளாகக் காட்டினாள்.

"அப்ப கோகிலா கண்டுபுடிச்சது?"

"அது மாம்பழத்தப் பத்தினது இல்ல. நடுவுல ஒரு வாக்கியம் நிக்கும்னுதானே அவ சொன்னா? நின்னுச்சே. பொய்கூட அது வழியாத்தானே போயிருக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள்.

அனுப்புகிற தேதி தள்ளிப்போகிறது. உங்கள் கைடு சாரிடம் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். நீ குதித்த வாக்கியத்தை நான்தான் அடித்தேன் கோகிலா. ஒரே கோடு. உண்மையை எழுதிக் கொடுத்து கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். முழுப் பழத்தைப் பற்றி நடுவில் எதுவும் வந்து நிற்கவில்லை. நீ இருந்திருந்தால் கோபித்திருப்பாயா? இல்லை, "இன்னா அண்ணி நீ" என்று தலையில் குட்டியிருப்பாயா? எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மற்ற வாக்கியங்களும் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கின்றன. பொய் இல்லை, ஆனால் சிலதை வாய்க்கு வந்தபடி சொன்னேன். வருகிற ஞாயிறும் திருப்பதி போகிறேன். முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று சுனீதாவிடம் சொல்லிவிட்டேன். அதுவரை மேசையில் என் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கை செய்வதைத்தான் வாய் சொல்லும். உன் பேர் மேலே இருக்கிற தாளில் இனி என் பெருமைக்காக ஒரு வரி வராது. இது சத்தியம்.

நீ இருக்கிற பக்கத்து வார்த்தைகள் எனக்குத் தெரியாது. நமக்குப் பொதுவாக இருந்த ஒன்றில் சொல்கிறேன்: இன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு. காயில் பூச்சி இருந்தது. அந்தப் பக்கத்தை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் போட்டேன்.

வாடை போகாத கையோடு,
உன் அண்ணி