ஐயத் தட்டில் கிடந்த ஆணை

நம் விதித் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு இன்று தபாலில் வந்தது. பிரித்ததும் அதே பசை வாடை. தொகுத்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே என் பெயர். நீ போய்ச் சேர்ந்த சேதி அச்சகத்துக்கு எட்டவில்லை போலிருக்கிறது. நான் தேடிய ஆணை மட்டும் இதிலும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொகுப்பு வேலைக்கென்று நம் இருவரையும் ஒரே அறையில் போட்டபோது மாநிலத்தின் ஆணைகளெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் படித்து, ஒரு சீட்டு எழுதி, மூன்று தட்டுகளில் ஒன்றில் போட வேண்டும்: சேர்ப்பது, நீக்குவது, ஐயம். நான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி, நீ மலைமேல் குண்டூர் நாடு. ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய் வந்தவர்கள் என்பதால் சண்டைக்கும் குறைவில்லை. தொகுப்பின் முதல் விதியை எழுதியவன் நீதான்: 'இத்தொகுப்பில் இடம்பெறாத ஆணை எதுவும் இனிச் செல்லாது.' சுருக்கமாக வந்துவிட்டதென்று அன்று உனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்தப் பழைய ஆணை வந்தது. பத்திரம் இல்லாத மலை நிலத்துக்கு, ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் நேரில் வந்து எல்லை காட்டினால் அதையே சான்றாக ஏற்கலாம் என்றது. நம்மிடம் இருந்ததோ முத்திரையில்லாத நகல். நான் ஐயத் தட்டில் போட்டேன். உன் முகம் மாறியது.

"எங்க மொளகுத் தோட்டத்துக்கு வேற காயிதமே கெடையாதப்பா. தாலுகா ஆபீஸ்ல ஒரிஜினல் இருக்கும். பத்து நாள் பொறு, நகல் வாங்கிட்டு வாரேன்" என்றாய்.

"போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் உனக்குத் தெரியும். எட்டாம் நாள் மேலதிகாரி வந்தார். ஐயம் என்று ஒரு தட்டே இருக்கக் கூடாது, நாளை அச்சுக்குப் போயாக வேண்டும் என்றார். எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். தட்டை அப்படியே தூக்கி, நீக்குவதில் கவிழ்த்தேன். பத்தாம் நாள் நீ சான்றொப்பமிட்ட நகலோடு வந்து நின்றாய். "அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்" என்றேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாயே, அதற்காக இன்றும் உன்மேல் கோபம்தான்.

ஓய்வு பெற்று மலைக்குப் போனாய். தோட்டத்துக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்தாய். உன் ஊர்க்கவுண்டர் எல்லையில் வந்து நிற்கத் தயாராக இருந்தார். தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் நம் புத்தகத்தைப் பிரித்து, நீ எழுதிய வரியையே உனக்குப் படித்துக் காட்டினாராம். அதை நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை மனு திரும்பியது. தோட்டம் புறம்போக்கு என்று பதிவானது. நான்காவது மனுவுக்கு நீ இல்லை.

காரியத்துக்கு மலை ஏறி வந்தேன். உன் மனைவி அந்த நகலை என்னிடம் நீட்டினார். "ஏனுங்க, புஸ்தகத்துல உங்க பேரும் இருக்குதுங்களே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இது செல்லுங்களா?"

"செல்லாதுங்க" என்றேன்.

"நீங்களே சொன்னா அப்பறம் என்னங்க" என்று மடித்து வைத்துவிட்டு, எனக்குக் காப்பி கொண்டுவந்தார். தட்டைக் கவிழ்த்தது யாரென்று நீ அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

உன் வீட்டில் இன்றைக்கும் என்னை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ எனக்கு விட்டுப் போனது அதுதான்.