ஓட்டுநர் இருக்கையில் சுமைரா

4 ஜூலை 2025, வெள்ளி

இன்று மானம் போயிற்று. நாங்கள் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் விண்வெளி ஆட்டத்தில் முதல் தடவையாக ஷட்டில் ஓடத்தை ஓட்ட என்னிடம் கொடுத்தார்கள். விண்வெளி நிலையத்தை நெருங்கியதும் எஞ்சினை அணைத்தேன், ஸ்கூட்டர் மாதிரி நின்றுவிடும் என்று. விண்வெளியில் எது நிற்கும்? நேராகப் போய்க் கதவில் இடித்தேன். பின்னால் இருந்த சிந்தியா வெளியே பறந்துவிட்டாள். நிஜத்தில் மார்த்தாண்டத்தில் நர்ஸ், பாவம்.

கேப்டன் டெனிஷ் என்னோடு காலேஜில் படித்தவன், இப்போது குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். திட்டக்கூட இல்லை. "ஏட்டி சுமைரா, நீ இனி ஓட்டாண்டாம்" என்றான். அவ்வளவுதான்.

5 ஜூலை

ஓட்டுவேன்.

9 ஜூலை, புதன்

ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து தனியாகப் பழகுகிறேன். நிறுத்த வேண்டுமென்றால் ஷட்டிலை முன்பே பின்பக்கமாகத் திருப்பி எஞ்சினைப் போட வேண்டும். பதினேழு தடவை இடித்தேன். பதினெட்டாவது தடவை பூப்போல ஒட்டியது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேனே!

18 ஜூலை, வெள்ளி

ஆட்டம் முடிந்ததும் டைரியை எடுத்துவிட்டேன்.

ஜும்ஆ தொழுகைக்குக் கடை அடைப்பு, குவைத்திலும் லீவு. வழக்கம்போல மதியம் சேர்ந்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விண்வெளி புதிதாக உருவாகும், போன வார வழி இந்த வாரம் இருக்காது. அதனால் யாரும் வழியைக் குறிப்பதில்லை. நான் மட்டும் பின்னால் சரக்குகளோடு உட்கார்ந்து, பழைய பில் புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதிக்கொண்டே போனேன். சிந்தியா சிரித்தாள்.

பாறைக்கூட்டத்தின் நடுவே, ஓட்டிக்கொண்டிருந்த டெனிஷின் நெட் போய்விட்டது. ஆட்டம் முடிய ஆறு நிமிஷம். அதற்குள் நிலையத்துக்குத் திரும்பாவிட்டால் இரண்டு மணி நேரம் சேர்த்த சரக்கெல்லாம் போச்சு. நான் போய் அவன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு வழி தெரியுமா மக்கா?" சிந்தியாவின் குரலில் இப்போது சிரிப்பில்லை.

எழுதியதைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். வலது என்றால் இடது. உடைந்த கப்பல், பச்சைக் கோள், பிறகு நிலையத்தின் விளக்கு. திருப்பினேன், எஞ்சினைப் போட்டேன். ஒரு கீறல் இல்லை! நாற்பது விநாடி மிச்சம்.

சொந்தத் தம்பட்டம்தான். டைரியில் அடிக்காமல் வேறு எங்கே அடிப்பது?

25 ஜூலை, வெள்ளி

டெனிஷ் எனக்கு முன்பே ஷட்டிலுக்குள் வந்திருந்தான். ஓட்டுநர் இருக்கை காலி. அவன் அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் எங்க இருக்கணும்?" என்று கேட்டான்.

பின்னால் என்றேன்.