முனுசாமிக்கு விட்ட இடம்

நேற்று மதியம் கூரியரில் ஓர் அட்டை வந்தது. பிரித்ததும் நான் படிக்கவில்லை, மோந்து பார்த்தேன். புது அட்டையை மூக்கில் வைத்து இழுக்கும் இந்தக் கெட்ட பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கள்ளக்குறிச்சியில் உன் அத்தாவின் பேப்பர் கடையில் கட்டு பிரிக்கும் போதெல்லாம் நீ அப்படித்தான் செய்வாய். மளிகைக் கடையில் பிறக்க வேண்டியவள், தப்பி இங்கே பிறந்துவிட்டாய் என்று நான் கிண்டல் செய்வேன். நீ இன்னொரு தரம் இழுத்துவிட்டு, "இது நல்ல அட்டைடி, மை ஊறாது" என்பாய்.

வந்தது என் மகனின் கல்யாணப் பத்திரிகை, மொத்தமாக அச்சடிக்கும் முன் மாதிரிக்கு ஓர் அட்டை. பெண் அசாம்காரி. எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது. "என் பேரப் போடாத" என்று போனில் வீராப்பாகச் சொல்லிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குப் போய் நானே அதைப் பரப்பிவிட்டும் வந்தேன். ஐந்தாவது வீடு பூட்டியிருந்தது. இப்போது பார்த்தால் அட்டையில் தமிழ், அசாமி, இங்கிலீஷ் என்று மூன்றிலும் என் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நான் கோபித்துக்கொண்டதையே யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதில்தான் கோபம் ஜாஸ்தி.

நீ போய்ச் சேர்ந்து மூன்று நோன்பு முடிந்துவிட்டது. இதைச் சொல்லிச் சிரிக்க வேறு ஆளில்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

அந்த வாத்தியாரை மறந்திருக்க மாட்டாய். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. சொந்த ஊர் தியாகதுருகம், அப்பா முனுசாமி விவசாயி. அதே மலையில் நர்ஸாக இருந்த மலையாளக் கிறிஸ்தவப் பெண்ணை அவருக்குப் பிடித்துப் போயிற்று. அச்சகத்தில் தயாராக இருக்கும் பத்திரிகைகளில் ஒன்றும் அவர்களுக்குப் பொருந்தாமல், ஊர் முழுக்க மருதாணி போட்டுவிடும் உன்னைத் தேடிக் கடைக்கு வந்தார். படம் உன் பொறுப்பு, வாசகம் என் பொறுப்பு. நமக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கர்வம் நாற்பது வயதுக்கு இருந்தது.

மஞ்சள் அட்டை கண்ணைக் குத்தும் என்றது பெண் வீடு. வெள்ளை அட்டை கருமாதிக்குத்தான் என்றது மாப்பிள்ளை வீடு. நீ சந்தன நிறத்தைப் பிடித்தாய். உச்சியில் பிள்ளையாரா, சிலுவையா என்று கேட்டபோது, இரண்டு பேரும் சந்தித்த மலையில் என்ன மரம் அதிகம் என்று வாத்தியாரைத் திருப்பிக் கேட்டாய். அவர் சொன்னபடி ஒரு கடுக்காய்க் கிளையை வரைந்தாய்.

"கல்யாணப் பத்திரிகையில பேதி மருந்தாடி?" என்றேன்.

"வயிறு சுத்தமா இருந்தா விருந்து நல்லா இறங்கும். நீ வாயக் கொஞ்சம் மூடு."

கிளையை அச்சடிக்கச் சேலத்தில் பிளாக் செய்து வாங்கலாம் என்று இருந்தோம். மறியலில் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள், பஸ் நின்றது. எழுத்தை மட்டும் பக்கத்துச் சந்து அச்சகத்தில் அடித்துக்கொண்டு கிளையை ஒவ்வோர் அட்டையிலும் நாமே பச்சை மையில் வரைந்தோம். மலையாள வரிகளைப் பெண்ணே எழுதித் தந்திருந்தாள், அதன் மேல் கண் வைத்துக் கோலம் போடுவது போல நீ போட்டாய். நான் வரைந்த கடுக்காய் எல்லாம் மாங்காயாக வந்தது. அவற்றைத் தனியே எடுத்து, "உன் சொந்தக்காரங்களுக்குக் குடுத்துக்கோ" என்று என் மடியில் போட்டாய்.

சிக்கல் அழைப்பவர் பெயரில்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெயரில் அழைப்பு இருந்தால்தான் கேரளாவிலிருந்து வருவோம் என்று பெண்ணின் அப்பா எழுதிவிட்டார். முனுசாமியோ, போட்டால் சாதிப் பட்டத்தோடு போடு, இல்லையென்றால் என் பெயரே வேண்டாம் என்று நின்றார். "கோட்டா கேக்கும்போது சாதியச் சொல்றது நியாயங்க. கல்யாணத்துக்குக் கூப்புடறதுக்கு எதுக்குங்க?" என்றார் வாத்தியார். அந்தப் பெண் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கிடையில் முனுசாமியை நாமே பார்த்தோம். மனு எழுத முழுத்தாள் வாங்க நாலைந்து பேர் கடைக்கு வந்து, மேசை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெற்றிலைச் சிவப்பு வாயோடு ஒருத்தர், வாத்தியாரின் தம்பியான தன் சின்ன மகன் நல்ல மார்க் வாங்கியும் காலேஜில் இடம் கிடைக்காமல் கழனியில் நிற்பதைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக 'முனுசாமி' என்று பேனாவை நகர்த்தினார். அவர் போனதும் நீ மிச்சத் தாளை அடுக்கி வைத்தாய். "அவர் கேக்கறதுல தப்பு இல்லடி" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் அச்சகத்துக்குப் போன தாளில், அழைப்பவர் பெயர் வர வேண்டிய வரியைக் காலியாக விட்டு, அட்டையில் நாம் கையால் சுற்றி வரைய வேண்டிய கொடியையும் மெல்லிசாகக் காட்டியிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று கத்தினேன்.

"எடம் வுட்டாதான்டி ஆளு வரும்" என்றாய்.

வந்தார். பஸ் இல்லாத அந்த வாரத்தில், வெட்டிப் போட்ட மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துத் தியாகதுருகத்திலிருந்து வந்தார். அதில் இரண்டொரு மரம் அவரே வெட்டியதாக இருக்கும்.

"இன்னா பாய் பொண்ணு, என் பையன் பத்திரிக இங்கதான் ஆவுதாமே?"

நீ ஒன்றை எடுத்து நீட்டினாய். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல இன்னா வெறுமனே வுட்டுக்கினு?"

"உங்க எடம்தான் மாமா. எங்க இஷ்டத்துக்கு நாங்க எப்படிப் போடறது? நீங்களே எழுதிடுங்க. பட்டத்தோட எழுதினாலும் சரி, யாரும் அழிக்க மாட்டோம்."

பேனாவை வாங்கினார். நாக்கைக் கடித்தார். மு, னு, சா, மி. அதோடு நின்றது பேனா. தாளுக்கு மேலே அரை விரல் உயரத்தில் அது தொங்கியதும், அவர் காது சிவந்ததும் அப்படியே கண்ணில் இருக்கிறது. அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த நாலு எழுத்துதான், கையெழுத்துக்காகக் கற்றது. அதற்குமேல் ஓர் எழுத்தும் தெரியாது. மனுத்தாளில் அவர் பெயருக்குப் பின்னால் பட்டத்தைச் சேர்த்து எழுதியது கூட வந்த ஆள் என்பது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. நான் எழுதித் தரட்டுமா என்று வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் என் கால் கட்டைவிரலை மிதித்தாய். அந்த நகம் கறுத்து விழுந்து வேறு முளைத்தது.

முனுசாமி பேனாவை மூடவில்லை. "மை காயட்டும். அடுத்தது குடு" என்றார்.

தன் சொந்தக்காரர்களுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் என்று அறுபது அட்டை எழுதினார். கல்யாணத்தில் அவருடைய பங்காளி ஒருத்தர், "இன்னாய்யா, பட்டம் எங்க போச்சு?" என்று கேட்டதற்கு, "அது என் கையெழுத்துய்யா. கையெழுத்துல எவன் பட்டம் போடுவான்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளச் சம்பந்தி ஒன்றும் புரியாமல் பலமாகத் தலையாட்டினார்.

வேண்டுமென்றே செய்தாயா என்று எத்தனையோ தரம் உன்னைக் கேட்டேன். "அவரு எழுதினாரு, நான் இன்னா பண்ணேன்?" என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. வம்புக்காகவே உயிர் வாழ்கிறவளிடம் ஒரே ஒரு சங்கதியை மறைத்துக்கொண்டு போய்விட்டாய்.

அன்று முனுசாமியின் பிடிவாதத்தைப் பேசிப் பேசிச் சிரித்தவள் நான். நேற்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், வெற்றிலை மட்டும்தான் குறைச்சல். அந்த அசாம் பெண்ணின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலேயே நாலு வீட்டுக்கு அலைந்திருக்கிறேன்.

மகனுக்குப் போன் செய்தேன். "என் பேரை எடுத்துட்டு அந்த வரியக் காலியா வுடச் சொல்லு."

"அம்மா, மறுபடியும் ஆரம்பிக்காத."

"நான் கையால எழுதறேன்டா."

"முந்நூறு கார்டும்மா!"

"எழுதறேன். அந்தப் பொண்ணுகிட்ட போனக் குடு, எப்படி இருக்கான்னு கேக்கணும்."

மாதிரிக்கு வந்த அட்டையை வீணாக்கவில்லை. அச்சடித்த பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். உச்சியில் ஒரு கடுக்காய் வரைந்தேன், வழக்கம் போல மாங்காயாகத்தான் வந்தது. உனக்கென்று உறையில் போட்டு ஒட்டினேன். மேலே பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதாமல், சுற்றிலும் மெல்லிசாக ஒரு கொடி மட்டும் வரைந்து வைத்திருக்கிறேன்.