மெஷின் துடைக்க ஒரு துணி

கான்பூர்,
சனிக்கிழமை

அன்புள்ள ஷீலாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

புதன்கிழமை ஒரு கூத்து. குதிரைச் சேணத்துக்குத் தோல் வார் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே தையல் அழகாக விழுந்தது. பக்கத்து மெஷின்காரன், நம்ம ஊரப்பாக்கம் சின்னராசு, ஒரு வாரைத் திருப்பிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, அடியில நூலு வளையம் வளையமா தொங்கிக்கினு கீது!" என்றான். மேல்நூல் தளர்ந்திருக்கிறது. திருகை எவ்வளவு முறுக்கியும் இறுகவில்லை. கடைசியில், நூலை அழுத்திப் பிடிக்கும் இரண்டு தட்டுகளைப் பிரித்தால் நடுவே துணிப் பிசிறு! மெஷின் துடைக்க இங்கே தரும் கந்தலின் வேலை அது. சூப்பர்வைசர் இந்தியில் கத்தினார். பாதிதான் புரிந்தது, நீ கவலைப்படாதே.

பிசிறை எடுத்துவிட்டு நூலை விரலால் இழுத்துப் பார்த்தேன். கொக்கிலமேட்டு மணலில் நாம் இருவரும் வலை உதறிய காலைகள் ஞாபகம் வந்தன. நான் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மறுமுனையிலிருந்து "தூங்கிக்கினு கீறியா? இழுத்துப் புடிய்யா!" என்று கத்துவாய். அது முழுசாகப் புரியும்.

உன் பழைய காட்டன் புடவை, அந்த மாம்பழ நிறம், அதில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. அது பிசிறு விடாது. போனில் கேட்க முடியவில்லை, அறையில் ஐந்து பேர் இருக்கிறோம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மெஷின் துடைக்கத்தானே, துவைக்க வேண்டாம். நீ கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு.

உன்
மாயவன்