கதவில் ஒட்டிய நோட்டீஸ்

செயின்ட் ஹெலினா தீவு,
வியாழன் இரவு

அன்புள்ள டெலான் அண்ணாவுக்கு,

தங்கை மார்வா எழுதுவது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். ராணுவப் பயிற்சியில் வயிறாரச் சாப்பாடு போடுகிறார்களா? இங்கே இறால் வரத் தொடங்கிவிட்டது. அம்மா உன் பங்குச் சோற்றைத் தனியே எடுத்துவைக்கிறாள். பிறகு நினைவு வந்து என் தட்டில் போடுகிறாள்.

நம் நிலத்து வழக்கு திங்களன்று கோர்ட்டுக்கு வந்தது. நிலவரி பாக்கிக்காகக் கவுண்டி நிர்வாகம் விட்ட ஏலம் செல்லாது, முன்கூட்டியே கதவில் நோட்டீஸ் ஒட்டவில்லை என்பதுதான் நம் வக்கீலின் வாதம். அம்மாவும் பைபிளில் கைவைத்து, "எங்க கதவுல எதுவும் ஒட்டல ஐயா" என்று சொல்லிவிட்டாள். ஏலத்தில் எடுத்த விடுதிக் கம்பெனியின் வக்கீல் சிரித்தாராம். "வீட்டுல படிக்கிற பொண்ணு இருக்கே, அதுக்குமா கண்ணு தெரியல? அடுத்த மாசம் அதைக் கூட்டிட்டு வாங்கம்மா."

அண்ணா, நான் பார்த்தேன்.

தாத்தாவை அடக்கம் செய்த நாள் அது. நீ சர்ச்சில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய். ஊர் ஜனங்கள் சோற்றுச் சட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாசலுக்கு வருவதற்குள் அம்மா கதவிலிருந்த தாளைப் பிய்த்தாள். நிலம் இன்னும் தாத்தா பெயரில்தானே, தாளிலும் அவர் பெயர்தான். நேராகத் தாத்தாவின் சவப்பெட்டிக்குப் போய் அவர் கோட்டுப் பைக்குள் செருகினாள். "உன் பேருக்குத்தானே வந்திருக்கு அப்பா. நீயே கொண்டு போ. அங்க எவன்கிட்டயாவது வரியைக் கட்டு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். அம்மாவை ஜெயிலுக்கும் அனுப்பலாம். மறைத்தால் நோட்டீஸ் ஒட்டிய மனிதர் பொய்யராவார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சின்னவள் என் வகுப்பு.

நேற்று மீன் பொரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "கேட்டா உண்மையைச் சொல்லு கண்ணு. நமக்கென்ன பயம்?" என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பார்த்தது தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா?

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதாதே. கோர்ட்டில் சொல்லிவிட்டு வந்த பிறகும் நான் உன் தங்கைதான் என்று மட்டும் எழுது.

ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். எனக்காகவும், அம்மாவுக்காகவும் ஜெபம் செய்.

உன்
மார்வா