செண்பகத்தின் சாப்பாட்டுக் கடை

அக்கா, இன்று மத்தியானம் நம் அரட்டை அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கடல் தாண்டி வந்த முத்து வியாபாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, "பசிக்கிறது, இங்கே சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். யாரும் பதில் எழுதவில்லை. லேபில் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நான், ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தக் கடை உங்களுடையது. எங்கெங்கோ இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டு எழுதி விளையாட, ஃபோனுக்குள் கட்டிய ஆற்றங்கரைப் பட்டணம் அது. ஒருவர் சுங்கக்காரர், ஒருவர் வைத்தியர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. நான் வேலப்பன் என்கிற படகுக்காரன். நீங்கள் சாப்பாட்டுக் கடை செண்பகம், அந்தப் பட்டணத்திலேயே பெரிய வாயாடி. அம்மா போனபின் தனியாக இருக்கும் எனக்கு, சாயங்காலம் உங்கள் கடையில் நடக்கும் சண்டைகள்தான் வீட்டுச் சத்தம்.

"ஏலே வேலப்பா, செத்த நேரம் உக்காரு. வெஞ்சனம் இன்னும் எறங்கல" என்று ஒருநாள் எழுதினீர்கள். வெஞ்சனம் என்றால் என்ன என்று மற்றவர்கள் கேட்டார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அன்றைக்கே தனியாக எழுதி, எந்த ஊர் என்று கேட்டீர்கள். நான் திண்டுக்கல், நீங்கள் கன்னிவாடி. படகுக்காரன் ஒரு பெண் என்று தெரிந்ததும் நீங்கள் அனுப்பிய சிரிப்புப் பொம்மைகளில் திரையே நிறைந்துவிட்டது.

ஒரே ஒருமுறை சந்தித்தோம். தெரிந்தவர் கண்ணில் படாத இடமாக நீங்கள் கொடைரோடு ஸ்டேஷனைச் சொன்னீர்கள். அங்கே நீங்கள் என்னை வேலப்பா என்று கூப்பிட வாயெடுத்தபோதுதான், உங்களுக்குத் திக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை முயன்றீர்கள். கண் கலங்கியது. பிறகு ஃபோனை எடுத்தீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குச் செய்தி வந்தது: "இந்த ஊர் டீ வாயில வைக்க முடியல வேலப்பா." நானும் படகுக்காரனாகப் பதில் எழுதினேன். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ரயில் வரும்வரை எழுதியே பேசினோம். பிரியும்போது மட்டும், நேரமெடுத்து, வாய்விட்டுச் சொன்னீர்கள்: "வாரேன்."

போன மாசி மாதம் கடை சில நாள் திறக்கவில்லை. சாப்ட்டாச்சா, உடம்புக்கு என்ன என்று நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உங்கள் பெயரிலிருந்தே பதில் வந்தது. "யாருடா நீ? என் சம்சாரத்துக்கு எதுக்குடா மெசேஜ் போடுற? அவ நெஞ்சு வலி வந்து போய்ச் சேந்துட்டா."

அந்த ஒரு செய்தியிலேயே நீங்கள் போனதும் தெரிந்தது, போனபின் உங்கள்மேல் விழுந்திருக்கிற சந்தேகமும் தெரிந்தது. அழக்கூட நேரமில்லாமல் பஸ் ஏறினேன். கன்னிவாடியில் இறங்கி, நெஞ்சு வலியில் இறந்துபோன அம்மா வீடு எது என்று விசாரித்தால், "அந்தத் திக்குற அம்மா வீடா?" என்றுதான் வழி காட்டினார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் படகுக்காரன் நான்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஃபோனைத் திறந்து நீட்டினேன். அவர் உங்களுடையதை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாம் விளையாடிய விளையாட்டை மெல்லச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. என் ஃபோனைத் திருப்பிக் கொடுத்து, "அவ பேசுனதப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

சுங்கக்காரரோடு நீங்கள் போட்ட சண்டையைப் படித்தேன். "சோத்துக்கு வரி கேக்குறியாலே? முதல்ல நேத்துத் தின்ன சோத்தக் கக்கிட்டுப் போ." அவர் சிரித்துவிட்டார். இன்னும் படிக்கச் சொன்னார். பொழுது சாயும்வரை படித்தேன். நடுவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இம்புட்டுப் பேச்ச உள்ள வச்சிருந்திருக்கா. எங்கிட்டப் பேசிருக்கலாம்ல? எம்புட்டு நேரமானாலும் கேட்டிருப்பேனே" என்றார்.

அக்கா, உங்களைத் தவறாக நினைத்ததற்கு அவர் அன்று உங்கள் படத்தின் முன்னால் நின்று அழுதார். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னோடேயே பஸ் ஏறி வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது. 'எங்கிட்டப் பேசிருக்கலாம்ல' என்று என்னிடம் கேட்க உள்ளே ஒருவரும் இல்லை.